கார்டில் இரண்டு கட்டங்கள்

அப்பாவின் டிபி கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில், சிகிச்சை எப்படி முடிந்தது என்று குறிக்கும் இடத்தில், கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாவது ‘க்யூர்டு’. அடுத்தது ‘ட்ரீட்மென்ட் கம்ப்ளீட்டட்’. அப்பாவுக்கு டிக் விழுந்தது இரண்டாவதில்.

அப்போது நான் அரியலூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் பெரம்பலூரில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் படித்துச் சொல்ல என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றுகிறவர். வருஷக்கணக்காகத் தூசியைத் தின்ற மனுஷன் என்பதால் இருமலை யாரும் கண்டுகொள்ளவில்லை. சளியில் ரத்தம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆறு மாதத்துக்கு மாத்திரை. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சாப்பிட்டதும் தட்டைத் தானே கழுவி, எங்கள் பாத்திரங்களில் படாமல் ஒதுக்குப்புறமாகக் கவிழ்த்து வைப்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும், யார் மேல் என்றுதான் தெரியாது.

அம்மா முனியப்பனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டியிருந்தாள். மாத்திரை முடிந்த வாரத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை, வெட்டினோம். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலைத் தீர்த்துவிட்டால் அந்த நோய்க்காக மறுபடி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடும். அன்று பந்தியில் அப்பா எல்லோரோடும் உட்கார்ந்து, கறியை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் அம்மா அந்தத் தனித் தட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள்.

கடைசிப் பரிசோதனைக்கு, காலையில் முதலில் வரும் சளியைக் கொண்டுவரச் சொல்லி நர்ஸம்மா ஒரு டப்பா கொடுத்திருந்தார். அப்பா போகவில்லை. நர்ஸம்மா வீடு தேடி இரண்டு முறை வந்தார். அம்மா உட்காரவைத்து மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் மறுத்தாள்.

“கெடா வெட்டியாச்சுங்க. இனிமே போயி சளி குடுத்தா சாமிய சோதிக்கிற மாதிரி ஆயிடும்.”

மூன்றாவது முறை வந்தபோது அவர் வாக்குவாதம் செய்யவில்லை. கார்டில் டிக் போட்டு என் கையில் கொடுத்தார். படித்த பெண், நீ பார்த்து வீட்டில் புரியவை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இப்போது சொன்னால் அது இன்னொரு பொய். மாத்திரை முழுவதும் தின்று முடித்தார், அவ்வளவுதான். நோய் போனதா என்று யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் அப்பா என் தட்டுக்குப் பக்கத்தில் தன் தட்டைப் போட்டு உட்கார்ந்தார். நோய் வந்ததிலிருந்து அவர் அங்கே உட்கார்ந்ததில்லை; தனித் தட்டு போன பிறகும் பழக்கத்தில் தள்ளியேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.

“கொணமாயிடுச்சுன்னு போட்டுருக்குப்பா.”

“அதானே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

மறு வாரமே சுரங்கத்துக்குப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் இருமல் திரும்பிவிட்டது. தூசிதான், கார்டிலேயே குணமாகிவிட்டது என்று போட்டிருக்கிறதே என்று எங்களுக்குச் சமாதானம் சொன்னார். அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மறுபடி ரத்தம் கக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பழைய மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. ஒருநாள் கட்டிலில் படுத்தபடியே கேட்டார்.

“கார்டுல நல்லாத்தானே போட்டுருந்துச்சு?”

“ஆமாப்பா” என்றேன். ஆடி பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மா அதன் பிறகு அந்தக் கோயிலுக்குப் போகவேயில்லை. பஸ் அந்த வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“கெடாவ வாங்கித் தின்னுட்டு ஏமாத்திட்டான்.”

முனியப்பன் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. குணமாகிவிட்டது என்று சொன்னது நான். அதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவள் சாமியைத் திட்டி முடிக்கிறவரை பேசாமல் வருவேன்.