கோடு போட்டு முளைத்த உசிலை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு காட்டையே களையெடுத்தவள்.

திருவண்ணாமலை மலைச்சரிவில், பெரிய உசிலை மரங்களுக்கு அடியில் வனத்துறை கயிறு கட்டி ஒதுக்கிய ஒரு பிளாட். அங்கே எதையும் நடக்கூடாது. தாய்மரத்து விதை தானாக விழுந்து தானாக முளைக்க வேண்டும். ரேஞ்சர் மேடம் வந்து கன்றுகளை எண்ணுவார். ஆடு மாடு புகாமல் காப்பதுதான் தற்காலிக வாட்சரான என் வேலை. மேடம் நல்லபடியாக எழுதினால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பி, மறுபடி மல்லாட்டைக் கொல்லையில் களை பறிக்க வேண்டும்.

"நாளைக்கு மேடம் வராங்க, பிளாட்டு நீட்டா இருக்கட்டும்" என்று பாரஸ்டர் போனில் சொன்னார். பத்து வயதிலிருந்து களை பறித்த கை சும்மா இருக்குமா? குந்தினேன். சாயங்காலம் எழுந்தபோது தரை, பெருக்கிய வாசல் மாதிரி இருந்தது. அப்புறம்தான் அண்ணாந்து மரத்தைப் பார்த்தேன்; பறித்துப் போட்ட குவியலைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே இலை. ஐயோ, நான் பறித்தது களையில்லை, உசிலைக் கன்று.

விடிந்ததும் வேங்கிக்கால் நர்சரிக்கு ஓடி, ஆட்டோ நிறைய உசிலை நாற்று வாங்கிவந்தேன். நட்டு முடிக்கவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது.

மேடம் வரிசை வரிசையாக நின்ற நாற்றுகளைப் பார்த்தார். "ஏம்மா செல்வி, விதை என்ன லைன் கட்டியா விழுந்துது?"

"இந்தப் பக்கம் காத்து நேராத்தான் அடிக்குங்க மேடம்."

மேடம் குனிந்து, ஒரு நாற்றின் அடியிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக்கை இழுத்தார். "கவரோடவே கொண்டாந்துதா?"

"காத்து ஜாஸ்திங்க மேடம்."

"சரி. அந்தக் கொய்யா?"

பாரஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் ஜீப்புக்குப் பின்னால் போய்விட்டார். நான் ஓவென்று அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"நட்டதெல்லாம் புடுங்கு. மழைக்கு அப்புறம் வந்து எழுதறேன். அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாம இருப்பியா?"

"இருக்கேங்க."

இருந்தேன். அரிக்கிற கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பிளாட்டைச் சுற்றினேன். மழை பெய்தது. மண்ணுக்குள் மிச்சமிருந்த விதையெல்லாம் கிளம்பி, கால் வைக்க இடமில்லாமல் முளைத்தது. எண்ணி எண்ணி மேடத்துக்கு மூச்சு வாங்கியது. என் வேலை பிழைத்தது.

புதிதாக வரும் வாட்சர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காட்டில் பாதி வேலை, கையை வைக்காமல் இருப்பது. நான் இன்றைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். பெரிய ஆபீசர் என்று நினைத்து எல்லாரும் வணக்கம் வைக்கிறார்கள்.