நான்கு நிமிடம் குறைந்த படம்

4-8-2024: வந்தவர் 19, கடைசிவரை இருந்தவர் 4.
18-8-2024: வந்தவர் 7, இருந்தவர் 5.
1-9-2024: வந்தவர் 9, இருந்தவர் 9.
15-9-2024: வந்தவர் 12, இருந்தவர் 11.
29-9-2024: வந்தவர் 16, இருந்தவர் 16.
13-10-2024: வந்தவர் 23, இருந்தவர் 23. படத்தில் 4 நிமிடம் குறைவு.
27-10-2024: வந்தவர் 24, இருந்தவர் 24. குறைவு இல்லை.

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வைக்கும் ஒரு கிடங்கின் மாடிக்கதவுப் பக்கம் உட்கார்ந்து நான் எழுதிய கணக்கு இது. அங்கே பெரியவர்களுக்கு, வரைந்து எடுக்கும் ஜப்பானிய அனிமே படங்களைக் காட்டியவர் ஜெயமதி. வயது நாற்பத்தேழு. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறார்.

2021இல் கால் எலும்பு முறிந்து ஏழு வாரம் படுத்திருந்தபோதுதான் அவர் இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கினார். முதல் படத்தைப் பத்தாவது நிமிடம் நிறுத்திவிட்டாராம். ஒரே கத்தல், ஒரே சண்டை. எட்டாவதாகக் கிடைத்தது, மலை ஊரில் சைக்கிள் பழுது பார்க்கும் ஒரு கிழவரின் கதை. தம் வயதுக்காரர்கள் பலர் முதல் படத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள், எட்டாவதுவரை வருவதே இல்லை என்பது அவருக்கு அப்போது உறைத்தது. அவர்களை நேராக எட்டாவதற்கே அழைத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

கிடங்கு அவருடைய பெரியப்பா ஜீவேந்திரன் நயினாருடையது. புலால் தொடாத தமிழ்ச் சைனர், அறுபது வருடம் மல்லாட்டை வியாபாரம் செய்தவர், வயது எண்பத்தொன்று. செஞ்சிப் பக்கம் சொந்த கிராமத்தில் இருக்கிறார். போனில் பேசுவதில்லை, எதையும் கடிதமாகத்தான் எழுதுவார். மாடியை மூட்டை அடுக்க ஒரு வியாபாரி கேட்டிருந்த நேரம். "ஆறு காட்சி நடத்து. ஆறாவதற்கு நான் வருவேன். பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கத்தக்கது என்றால் மாடி உனக்கு. குழந்தை விளையாட்டு என்றால் மூட்டைக்கு" என்று எழுதினார்.

முதல் காட்சிக்கு எல்லோரும் பேரப்பிள்ளைகளோடு வந்தார்கள். பொம்மைப் படம் என்றுதானே கேள்விப்பட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாட, பெரியவர்கள் அவர்களைத் தேடிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். அடுத்த முறை ஜெயமதி கதவில் ஒரு பலகை மாட்டினார்: பதினெட்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. அதைப் பார்த்துத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். திரையில் ஒரு கிழவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவது காட்சிக்குப் பலகையில் "வேலை செய்து களைத்தவர்களுக்கு" என்று இருந்தது.

வருகிறவர்களிடம் முதலில் அவர் கேட்பது, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான். அதற்கேற்ற படத்தை அடுத்த காட்சிக்குத் தேடுவார். வசனங்களைத் தமிழில் அவரே தட்டி, படத்தின் அடியில் ஓடவிடுவார். ஒரு படத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வரிகள். மெதுவாகப் படிப்பவர்களுக்காக ஒவ்வொரு வரியும் கூடுதலாக ஒரு வினாடி நிற்கும். சைனக் குடும்பத்தினர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்பதால் இரண்டரைக்குத் தொடங்கி நாலரைக்கு முடிப்பார். ஒருநாளும் தாமதித்ததில்லை.

கூட்டேரிப்பட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் கோவிந்தம்மாளுக்காக, சோயா மொச்சையில் பலகாரம் செய்து விற்கும் ஒரு பெண்ணின் கதையைக் காட்டினார். "அடுப்பு ஊதறப்ப தலையைத் திருப்பிக்கினா பாரு. வரைஞ்சவன் சும்மா வரையல. புகையில நின்னவன்" என்றார் கோவிந்தம்மாள். அதற்குப் பிறகு அவர் ஒரு காட்சியும் தவறவிடவில்லை.

ஆறாவது காட்சிக்கு ஜெயமதி தமக்கு மிகப் பிடித்த படத்தை எடுத்தார். கடலோர ஊரில் ஓர் அப்பா. மனைவி இறந்த நாள்முதல் அவர் சமையலறைக்குள் போவதில்லை. மகள் வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்புகிறாள்.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். ஜீவேந்திரன் எழவில்லை.

"ஜெயா, இங்க வா. அந்தப் பொண்ணு ரயில்ல எதுக்கு அழுவுது?"

"ஊரை வுட்டுப் போறா இல்ல பெரியப்பா."

"போறது அதுக்கு ஒரு மாசமா தெரியும். அப்பல்லாம் அழுவல. படத்துல அவங்க ஊட்டு சுவத்து கடியாரம் ஆறு பத்து காட்டுது. ஒடனே ஆறே முக்கால். நடுவுல என்னாத்தையோ எடுத்துட்ட."

ஜெயமதி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிரிச்சுத் தைச்ச மூட்டையா இல்லையான்னு தையலப் பாத்தே சொல்லுவேன் நானு. என்னா எடுத்த?"

"அவரு மீன் சுடறாரு பெரியப்பா. நாலு நிமிஷம். உங்க முன்னால எப்படிக் காட்டறதுன்னுதான்…"

"அப்பவே நெனச்சேன்" என்றார் கோவிந்தம்மாள். "அந்த மனுசன் அடுப்பாண்ட போயிருப்பாருன்னு."

"கண்ணை மூடிக்க எனக்குத் தெரியாதா?" என்றார் ஜீவேந்திரன். "கொறைச்ச மூட்டைக்கு நான் வெல சொல்ல மாட்டேன். இன்னொரு தபா முழுசா காட்டு. அப்புறம் சொல்றேன்."

அக்டோபர் இருபத்தேழாம் தேதி முழுப்படம். வந்திருந்த சைனர் ஏழு பேருக்கும் ஜெயமதி ஒரு சீட்டுக் கொடுத்தார்: "63ஆம் நிமிடம் முதல் 67 வரை மீன். தலையைக் குனிந்துகொள்ளலாம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்.

படத்தில் அந்த நான்கு நிமிடமும் யாரும் பேசுவதில்லை. அப்பா தட்டுத்தடுமாறி அடுப்பைப் பற்றவைக்கிறார். உப்புச் சாடியை இரண்டு இடத்தில் தேடுகிறார். மகள் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை அவர் பக்கம் நகர்த்துகிறாள். சீட்டு வாங்கியவர்களில் ஆறு பேர் குனிந்திருந்தார்கள். ஜீவேந்திரன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது, "உப்பு எங்க கீதுன்னு தெரியல அந்த ஆளுக்கு" என்றார். அதோடு பஸ் ஏறிவிட்டார்.

அதன்பின் பத்து நாள் பதில் இல்லை. மூட்டை வியாபாரி ஆள் அனுப்பி மாடியை டேப் வைத்து அளந்தார். அந்த ஆள் அளந்துகொண்டிருந்தபோது ஜெயமதி கடையில் அடுத்த படத்துக்கு வசனம் தட்டிக்கொண்டிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு வரி முடித்திருந்தார். அடுத்த படம் உண்டா என்று தெரியாமலே எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "இல்லன்னு சொன்னா அப்ப நிறுத்திக்கிறேன் சார்" என்றார்.

கடிதம் ஆறே வரி. "மாடி உனக்கு. மூட்டைக்காரருக்கு எழுதிவிட்டேன். எழுத்தை இன்னும் பெரிதாகப் போடு. சீட்டு எல்லாப் படத்துக்கும் வேண்டும். எதையும் வெட்டாதே. அடுத்த காட்சிக்கு வருகிறேன், நாற்காலி போட்டு வை."

இது பற்றி அவர் எழுதிய கடைசிக் கடிதம் அதுதான். இப்போது ஒவ்வொரு காட்சிக்கும் நேரிலேயே வந்துவிடுவதால் எழுத வேண்டியிருப்பதில்லை. தபாலில் அந்தக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 6-11-2024, புதன்கிழமை.