ராமுத்தாய் வீட்டு விளக்கெண்ணெய் ஞாயிறு

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். ஆனாலும் திண்டுக்கல்லில் சொந்தமாக வெங்காய மண்டி வைத்தேன், லாரி வாங்கினேன், ஒருத்தரிடமும் கைகட்டி நிற்கவில்லை. அப்படிப்பட்ட என்னையே வாசலில் நிறுத்தி, காலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான். ரெட்டியார்சத்திரத்தில் வாக்கப்பட்ட என் அக்கா ராமுத்தாய்.

அவள் வீட்டுச் சட்டம் மதுரைக் கலெக்டர் ஆபீஸில்கூடக் கிடையாது. குடிக்கிற தண்ணீர் கொதித்து ஆறியிருக்க வேண்டும். சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல், வெள்ளிக்கிழமை பெண்களுக்கு. விளக்கு வைத்த கையோடு ராத்திரிச் சோறு முடிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, விடியற்காலையில் வீட்டில் அத்தனை பேரும் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒருமுறை அத்தான் சடையாண்டி மாட்டுத் தொழுவத்தில் போய் ஒளிந்தார். அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அக்கா மகள் பொன்னழகுக்கு மாப்பிள்ளை பார்த்தேன். நான் பார்த்தால் சும்மாவா? வடமதுரைக் கருப்புசாமிக்குக் கிணற்றுப் பாசனத்தில் பத்து ஏக்கர், ஒரே மகன் பெருமாள்சாமி. புதன்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்கு முந்தின ஞாயிறு காலையில் அப்பனும் மகனும் வேறு வேலையாக என் மண்டிக்கு வந்தார்கள். நாளும் நல்ல நாள், லாரியும் கழுவித் துடைத்து நின்றது. அப்போதே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் லாரி போய் நின்றாலே மரியாதை, சொல்லி அனுப்புவது எதற்கு என்று நினைத்தேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே அது எந்த ஞாயிறு என்று புரிந்துபோனது.

அத்தான் வாங்க என்று கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குமுன் சொம்பைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுப் பக்கம் நடந்தார். அவர் திரும்பியதும் மூத்த பையன் போனான். அவன் வருமுன் இளையவன் ஓடினான். பொன்னழகு காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை தம்ளரை எடுக்குமுன் தட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

போன மாதம்தான் அக்கம்பக்கத்து ஊர்களில் காலரா என்று தமுக்கடித்திருந்தார்கள். கருப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். அவர் வாசலைத் தாண்டினால் இந்தச் சம்பந்தம் மட்டுமா போகும்? காலரா வீடு என்று பேர் பரவினால் எந்த ஊரிலிருந்தும் பெண் கேட்டு ஆள் வராது. தோட்டத்தில் தண்ணீர் பாய்கிறது, மடை மாற்றப் போகிறார்கள் என்று நான் சமாளித்தேன். சொம்பிலா பாய்ச்சுகிறார்கள் என்று கேட்டார்.

அக்கா விளக்கெண்ணெய்ச் சீசாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"நோவு ஒண்ணுமில்லண்ணே. வயிறு சுத்தமாகட்டும்னு எல்லாரும் இதக் குடிச்சிருக்கோம்."

கருப்புசாமி சீசாவை முகர்ந்து பார்த்தார். "பொண்ணுமா குடிச்சுச்சு?"

"மொத ஆளு அவதான். மூஞ்சியக்கூடச் சுளிக்க மாட்டா."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "இந்தா இருக்கானே, இருவத்தஞ்சு வயசு. இன்னமும் நாலு பேரு கையக்காலப் பிடிச்சுத்தான் ஊத்துறோம் தாயி. போன தடவ அவுக ஆத்தா வெரலக் கடிச்சுப்பிட்டான்."

பெருமாள்சாமி பாயைப் பார்த்தபடி இருந்தார். சம்மதமா என்று நான் கேட்டேன்.

"பொண்ணப் பிடிச்சிருக்கு. அந்த எண்ணெ மட்டும் வேணாம்னு சொல்லிருங்க."

காட்டிலிருந்து திரும்பியிருந்த பொன்னழகு கதவுக்குப் பின்னாலிருந்து எனக்குப் பதில் சொன்னாள்.

"அதக் கல்யாணத்துக்குப் பெறகு நான் பாத்துக்கிறேன் மாமா."

கருப்புசாமி அங்கேயே தை மாதத்தில் நாள் கேட்டார்.