பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா

எங்கள் அக்கா கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, திருமணமாகி நியூ ஜெர்சியின் பார்சிப்பனிக்கு வந்தவர். வேலைக்குப் போக விசா இடங்கொடுக்காத வருடங்களில், மாமா ஆபீஸுக்குக் கிளம்பியதும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காட்டுப் பாதையில் தனியாக நடந்து பழகினார். பிறகு கிரீன் கார்டு வந்தது, மருந்துக்கடையில் வேலையும் கிடைத்தது. அந்த நடையை மட்டும் விடவில்லை.

மார்ச் பிறந்துவிட்டால் அக்காவைக் கையில் பிடிக்க முடியாது. மேப்பிள் கிளை சிவந்துவிட்டதா, குட்டையில் தவளை கத்துகிறதா என்று தேடிப் போவார். பனியைத் துளைத்துக்கொண்டு முதலில் தலைநீட்டும் ஒரு செடி, கிள்ளினால் நாறும். அதற்கு ‘நாத்தக்கோசு’ என்று பெயர் வைத்திருந்தார். அதைக் கண்டதும் தங்கையான எனக்குத்தான் முதல் போன். “வந்துருச்சு கண்ணு, இனிப் பொழச்சுக்கலாம்” என்பார்.

அக்காவுக்கு வந்திருந்த புற்றுநோய் போன வருடம் முற்றிவிட்டது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். லீவு போட்டு வந்து உடனிருந்த என்னிடம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: குளிர் விட்டதும் ஒரு தடவை காட்டுக்குக் கூட்டிப்போ. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை நல்ல வெயில். கோட்டு, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தார். நான் சக்கர நாற்காலியைக் காரில் ஏற்றிவிட்டேன்.

அப்போதுதான் உறவும் நட்புமான நீங்கள் வந்தீர்கள். எடிசனிலிருந்து ஒரு கார், பென்சில்வேனியாவிலிருந்து இன்னொன்று. உடம்புக்கு முடியாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்! கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றேன். இந்தக் குளிரில் வெளியே கூட்டிப்போவதா, புத்தி இருக்கிறதா என்று என்னைத்தான் கடிந்தீர்கள். அக்கா கண்ணாலேயே என்னை அடக்கி, காபி போடச் சொன்னார். வந்தவர்களை எழுப்பி அனுப்பும் வளர்ப்பு இல்லையே எங்களுடையது. யாருக்கு எந்தக் கஷாயம் கேட்டது, யார் மகனுக்கு எந்தக் காலேஜ் என்று பேசிப் பேசியே வெளிச்சம் போய்விட்டது.

நீங்கள் போனபின் பூட்ஸைக் கழற்றிவிட்டேன். கால் வீங்கியிருந்தது. “விடு கண்ணு, பாசத்துலதான வந்தாங்க” என்றார் அக்கா.

மறுவாரம் ஆஸ்பத்திரி. அங்கிருந்து அவர் திரும்பவில்லை.

சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், மாமாவுக்குத் துணையிருந்தவர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் பாசம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது.

முதலாண்டுத் திதிக்கு அனைவரும் வாருங்கள். சாப்பாடு மதியத்துக்கு மேல்தான். காலையில் மட்டும் யாரும் வர வேண்டாம். கதவு பூட்டியிருக்கும், நானும் மாமாவும் காட்டில் இருப்போம்.