மூன்று பாட்டும் ஒரு வேலையும்

எங்கள் தொழிலில் பாட்டு ஓடுவது ஐந்து நிமிடம். அதற்கான கதையைக் கேட்டு முடிக்க அரை நாள் ஆகும்.

சிம்மக்கல்லில் ஒரு மாடியில் இருக்கும் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் பாட்டு எழுதுகிறேன். நினைவு நாள், மணிவிழா, ஊர்த் திருவிழா என்று ஆட்கள் வந்து கதை சொல்வார்கள். அதைப் பாட்டாக்க வேண்டும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்க்கும்போதே முதலாளி அண்ணன் சொல்லிவிட்டார்: "மூணு பாட்டு எழுது. ஒண்ணு திரும்பி வந்தாலும் வேலை இல்ல, பாத்துக்க." இதை வீட்டில் விளக்குவதற்குள் அம்மா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார். வேலை நிலைக்குமா என்று தூக்கம் கெட்டவர்களே, உங்களுக்கு என் நிலைமை புரியும்.

புலி

எழுமலையிலிருந்து அண்ணன் தம்பி இருவர் தங்கள் அம்மாவோடு வந்தார்கள். அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்குப் பாட்டு. அவர் வெறுங்கையால் புலியை அடித்ததுதான் முதலில் வர வேண்டுமாம். எந்த இடம், யார் பார்த்தது என்று கேட்டேன். கேட்காமல் எழுதினால் எனக்குக் கை ஓடாது. இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"புலியெல்லாம் இல்ல. தோட்டத்துல பன்னி வந்துச்சு. மனுசன் புளியமரத்துல ஏறிட்டாரு. நாந்தேன் கம்பெடுத்து வெரட்டுனேன்" என்றார் அவர். மரத்தையே எழுதினேன். பதிவைக் கேட்டதும் மகன்களின் முகம் இறுகியது. அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு அழுதார். "புலிக்கதைய ஊருக்குள்ள யாரு நம்புனா தாயி? இதுலதேன் அவுக இருக்காக."

யார் முதலில் பார்த்தது

அடுத்து வந்தவர்கள் தறி நெய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த சௌராஷ்டிரத் தம்பதி. கணவரின் மணிவிழாவுக்குப் பாட்டு. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் காயவைத்த இடத்தில், தான்தான் மனைவியை முதலில் பார்த்ததாக அவர் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முன்பே அவரைப் பார்த்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார். பிறகு இருவரும் வீட்டு மொழிக்குப் போய்விட்டார்கள். கூட வந்த மகள் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

தெரியாத ஒன்றை உண்மை என்று எழுத மனம் வரவில்லை. அவருக்கு ஓர் அடி, அந்த அம்மாவுக்கு ஓர் அடி என்று சண்டையாகவே எழுதினேன். கடைசி வரை தீர்ப்பு கிடையாது. மண்டபத்தில் பாட்டு முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். "முப்பத்தஞ்சு வருசச் சண்டைய நீ தீத்துவச்சிருந்தா, நாளைக்கு நாங்க வீட்ல என்னம்மா பேசுறது?"

மண் சுமந்தவர்கள்

மூன்றாவது, திருவாதவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று. மழையில் உடைந்த கண்மாய்க் கரையை ஊர் சேர்ந்து அடைத்த கதை. திருவிழாவில் ஸ்பீக்கரில் போட வேண்டும். விழாக் கமிட்டித் தலைவர் தந்த பட்டியலில் டிராக்டர் கொடுத்தவர், சாக்கு கொடுத்தவர், சோறு போட்டவர் எல்லாரும் இருந்தார்கள். மண் சுமந்தது யார் என்றேன். "அது கூலியாளுகம்மா" என்றார்.

என் அப்பாவும் அம்மாவும் அப்படி மண் சுமந்தவர்கள். எந்த ஊர்ப் பாட்டிலும் அவர்கள் பெயர் வந்ததில்லை. மறுநாள் பஸ் பிடித்துப் போய், ஊர்க் கடைசித் தெருவில் வீடு வீடாகக் கேட்டு எழுதி வந்தேன். பெயர்களே ஒரு சரணமாயின. தலைவரிடம் போனில் மறைக்காமல் சொன்னேன். "பாட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். முதலாளி அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். "நல்லாத்தேன் இருக்கு. ஆனா இது திரும்பி வரும்."

திரும்பி வந்தது

வந்தேவிட்டது. திருவிழாவின் இரண்டாம் நாள் காலையில் தலைவர் நாங்கள் அனுப்பிய பென்டிரைவோடு படியேறினார். பின்னால் இரண்டு பெண்கள். "பாட்ட மாத்தணும்" என்றார்.

"பெருமாயி, ராக்கு. இந்த ரெண்டு பேரு எங்க?" என்று கேட்டார் முன்னால் நின்ற அக்கா. "நீ வந்தன்னைக்கு நாங்க நடவுக்குப் போயிட்டோம். அதுக்காக நாங்க சுமந்த மண்ணு இல்லேன்னு ஆயிருமா?" தலைவர் குரலைத் தணித்தார்: "ஊராளுக அந்தச் சரணத்த மட்டும் மூணு தடவ போடவச்சுட்டாக. இவுக ரெண்டு பேரும் நேத்துலருந்து எங்கிட்டப் பேச மாட்டேங்கிறாக. சேத்துக் குடும்மா."

பூட்டியிருந்த வீடுகளை விட்டுவந்தது என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். அவர்களை எதிரில் உட்காரவைத்தே இரண்டு பெயரையும் சேர்த்துப் பதிவு செய்தோம். அவர்கள் இறங்கிப் போன பிறகு முதலாளி அண்ணன் வாயைத் திறந்தார். "பேர எடுக்கச் சொல்லித்தேன் இதுவரைக்கும் பாட்டு திரும்பி வந்திருக்கு. சேக்கச் சொல்லி வந்தது இதுதேன் மொதல். நாளைக்கு நேரத்தோட வா."

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அன்று மாலை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அதுக்குத்தேன் போன மாசமே மிட்டாய் குடுத்தாச்சே" என்று அம்மா அரிசி களையப் போய்விட்டார்.