மூட்டையும் இரும்புப் படியும்

என் அக்காவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். அப்படிப்பட்டவள் பிழைப்புக்கு எடுத்துக்கொண்டதோ, பயந்த நாய்களைப் பழக்கும் வேலை! என் டயர் கடைக்குப் பின்னாலுள்ள காலி மனைதான் அவளுடைய பள்ளிக்கூடம். பழைய டயர்கள், பலகைகள், தரையில் படுக்கவைத்த என் ஏணி. எனக்கு ஏணி வேண்டும்போதெல்லாம் அதன் நடுவில் ஒரு நாய் நிற்கும்.

"நாய்க்கு முன்னங்கால்தான்டா தெரியும். பின்னங்கால் வேற யாரோடதோன்னு நெனச்சுக்கும்" என்பாள். ஏணிக் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துப் பழகினால்தான் தன் உடம்பு அதற்குப் பிடிபடுமாம், பயமும் விடுமாம்.

இந்த முறை வந்தது எதிர்மாடித் தையல்காரரின் நாய். அந்த மாடிக்கு இரும்புப் படி. படிகளின் இடைவெளியில் கீழே தரை தெரியும். தெரிந்ததுமே நாய் படுத்துவிடும். குட்டியாக இருந்தபோது தூக்கிக்கொண்டு ஏறியவர், அது கன்றுக்குட்டி கணக்காக வளர்ந்த பிறகும் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். தெருவே அதற்கு மூட்டை என்று பெயர் வைத்துவிட்டது. இப்போது அவருக்கு முதுகில் ஆபரேஷன். மூட்டை எங்களிடம். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் காரில் வந்து அதை யாரிடமாவது கொடுத்துவிடுவதாகப் பேச்சு. மனைவி போன பிறகு அந்த மனுஷனுக்கு இருக்கும் துணை அது ஒன்றுதான். எனக்கே மனசு கேட்கவில்லை. அக்காவைக் கேட்க வேண்டுமா?

விடியுமுன்பே மனைக்குப் போய்விடுவாள். டயர்கள்மேல் பலகைகளை இடைவெளி விட்டுப் படியாக அடுக்கினாள். மூட்டை நடுங்கி நடுங்கி ஏறும். உச்சிக்குப் போனதும் அவளே கட்டிப்பிடித்துத் தூக்கிக் கீழே விடுவாள். மறுபடி ஏறு, மறுபடி ஏறு. "கொஞ்சம் மூச்சு விடுக்கா" என்றால் என்னை முறைப்பாள்.

ஞாயிறு வந்தது. மகள் காரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மேலே வாசலில் தையல்காரர். மூட்டை இரும்புப் படியை முகர்ந்தது, காலை வைத்தது, ஏறியே விட்டது! நான் விசிலடித்தேன்.

"ஏறிடுச்சு, சரி. இறக்கறது யாரு? எங்கப்பாவா?" என்றாள் மகள்.

அக்காவின் முகம் செத்துப்போனது. அவசரத்தில் ஏறத்தான் பழக்கியிருந்தாள். மூட்டை கீழே எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் படுத்துவிட்டது. தூக்கக் குனிந்தார் தையல்காரர்.

"அப்பா, குனியாதீங்க!"

அக்கா கீழேயிருந்து கூப்பிட்டாள், கை தட்டினாள், குதித்தாள். அவள் குதிக்கக் குதிக்க அது இன்னும் தரையோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீ ஆடினா அது எப்படிக்கா வரும்?" என்று கத்திவிட்டேன்.

அவள் படியேறி மேலே போனாள். மூட்டைக்குப் பக்கத்தில், மேல்படியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கால்கூட ஆடாமல் இருந்தாள். பிறகு உட்கார்ந்தபடியே, குழந்தைபோல, ஒரு படி நழுவி இறங்கினாள். காத்திருந்தாள். ஒரு முன்னங்கால் வந்தது. அப்புறம் இன்னொன்று. பின்னங்கால்கள் இரும்பைத் தடவித் தேடிக் கண்டுபிடித்தன. அடுத்த படி. சேலையெல்லாம் துரு.

தரைக்கு வந்ததும் மூட்டை உடம்பை உதறிக்கொண்டது. திறந்திருந்த காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று படியேறித் தையல்காரரிடமே போய்விட்டது.

மகள் கார்க் கதவைச் சாத்தினாள்.

அக்கா கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "எழுந்திரு, அக்கா" என்றேன்.

"இருடா" என்றாள். "கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."