கட்டைவிரலால் ஓட்டும் கப்பல்

பச்சை நிறத்தில் பிசின் போன்ற ஓர் உருண்டை. அதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துக் கிள்ள வேண்டும். மருத்துவமனையின் பயிற்சி அறையில் எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். இடது கை கிள்ளியது. வலது கை உருண்டையின் மேல் படுத்துக் கிடந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன், எனக்குப் பொழுது போகட்டும் என்று போனை நீட்டினான். எங்கோ ஓர் ஏரி. கரையில் ஒருவர் ரிமோட்டோடு நிற்கிறார். தண்ணீரில் இடுப்புயரப் பாய்க்கப்பல் ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்து விரைகிறது. அதை ஓட்டுவது காற்றுதான். ரிமோட் பாயையும் சுக்கானையும் மட்டும் அசைக்கிறது என்றான் அண்ணன். நான் கப்பலைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குச்சிகளின் மேல் இரண்டு கட்டைவிரல்கள். மற்ற விரல்கள் சும்மா இருந்தன.

"இத நான் ஓட்டுவேன்" என்றேன்.

"மொதல்ல சாயா கிளாஸப் பிடி. பொறவு கப்பலப் பிடிக்கலாம்" என்றான் அவன்.

யோசனை பிறந்தது அங்கேதான். நோய் அதற்கு முன்பே வந்துவிட்டது. இந்த நோயின் பெயரை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டுவிட்டு, போனில் எதையெதையோ தேடிப் பயந்துகொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று அதையும் சொல்கிறேன்.

மழைக்காலம் முடியும் நேரம். வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அதன் பிறகு ஒருநாள், கல்லூரிக்குப் போக மட்டாஞ்சேரிப் படகுத்துறைப் படியில் இறங்கும்போது, செருப்பு காலில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. உள்ளங்காலில் கனமான சாக்ஸ் போட்டது போல ஒரு மதமதப்பு. மறுநாள் அது முழங்காலுக்கு ஏறியது. அதற்கடுத்த நாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் பெயர். எழுந்து நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்ததும், அத்தா மிளகுக் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினார்.

இடப்பள்ளிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனை. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்துடிப்பு கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கொண்டுபோகிறது என்று அளப்பது) செய்தார்கள். கில்லன் பாரே நோய்க்குறி என்றார் நரம்பியல் மருத்துவர். கிருமியோடு சண்டை போடப் புறப்பட்ட உடலின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே அடித்துவிடும் நோய். காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சுத் தசைகள்வரை போய்விட்டால் ஆபத்து. பாதத்தில் தொடங்கும் மதமதப்பு நாளுக்கு நாள் மேலே ஏறினால், சத்துக் குறைவு என்று மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். அன்றே போங்கள். நாங்கள் போன வேகம்தான் என்னைக் காப்பாற்றியது.

இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் அடிக்கடி வந்து, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். எண்ணிக்கை குறைந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். முந்தைய முறையைவிட ஒன்றாவது கூடுதலாக எண்ணாமல் விடக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம். தமிழில் எண்ணினால் நீளமா, மலையாளத்தில் எண்ணினால் நீளமா என்று இரண்டையும் முயன்றுகூடப் பார்த்தேன். மூச்சு இறங்கவில்லை. செயற்கைச் சுவாசம் தேவைப்படவில்லை.

கால்கள் முதலில் திரும்பின. வாக்கரோடு வீட்டுக்கு வந்தேன். இடது கை அதன் பின்னாலேயே வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தெளிவாகச் சொன்னால், வலது கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட்டு ஒரு பொருளைப் பிடிக்கும் அந்தக் கிள்ளுப்பிடி வரவில்லை. சோற்றைப் பிசைய, பேனா பிடிக்க, தலைத்துணிக்கு ஊசி குத்த, நகம் வெட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் பிடிதான் வேண்டும். இருபத்தோரு வயதில் உம்மா எனக்கு ஊட்டிவிட்டார்.

நடை முழுதாக வந்துவிடும் என்றார் மருத்துவர். கையின் நுண்வேலை எந்த அளவுக்குத் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். நரம்பு நகம் வளர்வது போல வளரும், பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது என்றார். பிறகு என் இடது கட்டைவிரலைத் திருப்பி நகத்தைக் காட்டினார். அடியில், குறுக்குவாட்டில் மெல்லிய பள்ளம் ஒன்று. உடம்பு பெரிய நோயோடு போராடும்போது நகம் வளர்வதைச் சற்று நிறுத்திவைக்குமாம். பிறகு மறுபடி தொடங்கும். நின்ற இடம் பள்ளமாக நகத்தோடு நகர்ந்துபோகும்.

அன்று முதல் எனக்கு நாள்காட்டி அந்த நகம்தான்.

நான் கேட்ட கப்பல், நாமே பூட்டிக்கொள்ளும் உதிரிகளாகப் பெட்டியில் வந்தது. இரண்டு பாதியாக உடல், கார்பன் குச்சியில் பாய்மரம், முன்பாய், பெரும்பாய், நீருக்கடியில் செங்குத்தாக நிற்கும் ஒரு தகடு, அதன் நுனியில் மாட்ட ஓர் ஈயக் குண்டு. எவ்வளவு சாய்ந்தாலும் கப்பலை நிமிர்த்துவது அந்த ஈயம்தான். உள்ளே இரண்டு சிறு மோட்டார்கள். ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றொன்று பாய்க்கயிற்றை இழுக்கும், தளர்த்தும். ரிமோட்டில் பாய்க்கு இடது கட்டைவிரல், சுக்கானுக்கு வலது கட்டைவிரல்.

ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் பயிற்சி) கொடுத்த ஜின்ஸி சேச்சிக்குப் பெட்டியைப் பார்த்ததும் என்னைவிட உற்சாகம். பச்சை உருண்டையை மேசைக்குள் போட்டுப் பூட்டினார். இனி உப்புத்தாள் தேய்ப்பதும் திருகாணி முடுக்குவதும்தான் பயிற்சி என்றார். ஒரே நிபந்தனை, கை சோர்வதற்கு முன்பே நிறுத்த வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் பலவீனம் கூடிவிடும். நான் எங்கே நிறுத்தினேன்? ஒருநாள் கப்பலின் விளிம்பை முழுக்கத் தேய்த்துவிட்டு, மறுநாள் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு நான் எதைச் செய்து காட்டினாலும் அவர் பாதியிலேயே, "மதி, மோளே, மதி" (போதும் மகளே, போதும்) என்று கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஆழமான பாத்திரம் வேண்டியிருந்தது. வீட்டில் அந்த அளவுக்கு இருந்தது பெருநாள் பிரியாணி அண்டா ஒன்றுதான்.

"இதுல கப்பல் விட்டது வெளிய தெரிஞ்சா, பெருநாளைக்கு எவ வந்து சாப்பிடுவா?" என்று கேட்டுக்கொண்டே உம்மாதான் தண்ணீரும் ஊற்றினார். கப்பல் நேராக நின்றது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. உம்மா அண்டாவின் ஓரத்தில் குனிந்து பாயை ஊதிப் பார்த்தார்.

மிச்சமிருந்தது முடிச்சுகள். கயிறு தையல் நூலைவிடச் சற்றுத்தான் தடிமன். விளக்கத்தாளில் எட்டு போல வளைந்து இறுகும் ஒரு முடிச்சு போட்டிருந்தது. அதற்குக் கிள்ளுப்பிடி வேண்டும். முன்பாய்க்கு இடது கையாலேயே எப்படியோ அதைப் போட்டுவிட்டேன். பெரும்பாயின் கயிறு கட்டும் இடம் இடுக்கில் இருந்தது, வலது கை உதவாமல் முடியாது. அது உதவவில்லை. அண்ணன் தான் கட்டித் தருவதாகச் சொன்னான். ஒரு முடிச்சுகூட வேறு ஒருவர் கை போடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

அப்போது என் கைக்குத் தெரிந்த வேறொரு முடிச்சு நினைவுக்கு வந்தது. சின்ன வயதிலிருந்து அத்தாவின் கடையில் மிளகுச் சாக்கின் வாயைக் கட்டும் முடிச்சு. பல்லும் இடது கையும் போதும். ஒரு வளையம், ஒரு சொருகல், ஓர் இழுப்பு. பார்க்கவும் இறுக்கமாக இருந்தது. படமெடுத்து ஜின்ஸி சேச்சிக்கு அனுப்பினேன்.

பள்ளுருத்திக்குத் தெற்கே அண்ணனின் கூட்டாளி சேவியர் சேட்டனுக்கு இறால் கெட்டு இருக்கிறது. காயல் (கடலோடு சேர்ந்த உப்பங்கழி) நீரை வரப்புக் கட்டித் தேக்கிய பெரிய நீர்ப்பரப்பு. மாசி வெயிலில், மேற்கே கடல்காற்று எழும்பிய பிற்பகலில் அங்கே போனோம். நான் ஊன்றுகோல் இல்லாமல் வரப்பின் மேல் நடந்தேன். அண்ணன் முழங்கால் நீரில் இறங்கிக் கப்பலை விட்டான்.

முதலில் அது போகவில்லை. பாயை முழுக்க இழுத்து இறுக்கி வைத்திருந்தேன். இறுக்கினால் வேகம் வரும் என்று நினைப்பு. கப்பல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருந்தது. சலித்துப்போய் இடது விரலைத் தளர்த்தினேன். பாய் படபடத்து, மெல்ல வயிறு புடைத்து நின்றது. அவ்வளவுதான், முன்மூக்கு தண்ணீரை வெட்டத் தொடங்கியது. "மதி, மோளே" என்ற குரல் காதில் கேட்டது போல இருந்தது. சிரித்துவிட்டேன்.

நடுநீருக்குப் போனதும் பெரும்பாய் திடீரென்று கதவு போல வெளியே திறந்துகொண்டது. இடது குச்சியை இழுத்தேன். முன்பாய் மட்டும் அசைந்தது. என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. மிளகுச் சாக்கின் முடிச்சுக்குப் பெருமையே, பிரிக்கும்போது ஒரே இழுப்பில் அவிழ்வதுதான். காற்று அந்த ஓர் இழுப்பை இழுத்துவிட்டது.

கப்பல் காற்றோடு கிழக்கே ஓடியது. கிழக்கு வரப்பில் தூம்பு இருக்கிறது, நீரைக் காயலுக்கு விடும் மரமடை.

"மோளே, தூம்பு தொறந்து கெடக்கு" என்றார் சேவியர் சேட்டன். "வேலியிறக்கமா, வெள்ளம் நல்லா வலிக்கும். வலையும் இன்னிக்கி இல்ல." கடல்நீர் இறங்கும் வேளை, கப்பலையும் காயலுக்கு இழுத்துப்போய்விடும் என்கிறார்.

அண்ணன் கை நீட்டினான். "இங்க தாடி. உன் வெரல் தாங்காது."

"தர மாட்டேன்."

"போனாப் போவுது கப்பலு. வெரலப் பாரு."

"வெரலத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்றேன்.

உண்மையில் அப்படித்தான். முன்பாய் ஒன்றை வைத்துக்கொண்டு காற்றை எதிர்த்துத் திரும்ப முடியாது. ஆனால் கொஞ்சம் குறுக்கே போகலாம். அதற்குச் சுக்கானை ஒருபக்கம் தள்ளி, விடாமல் பிடித்திருக்க வேண்டும். வலது கட்டைவிரல் குச்சியைத் தள்ளியது. குச்சிக்குள் இருக்கும் வில் திருப்பித் தள்ளியது. விரல் நடுங்கியது. நடுக்கம் மணிக்கட்டுக்கு வந்தது. கப்பல் தூம்பின் வாயையும் பக்கத்துச் சேற்றுத் திட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி போனது. சேவியர் சேட்டன் வள்ளத்தை நோக்கி நடந்தவர், நின்று பார்த்தார். தூம்புக்கு ஓர் ஆள் நீளத்துக்கு முன்னால் கப்பல் சேற்றில் மூக்கைச் செருகி நின்றது.

யாரும் கை தட்டவில்லை. அண்ணன் போய் எடுத்து வந்து, சேறு வடிய, என் மடியில் வைத்தான். கயிற்றின் நுனியைக் காட்டி, சாக்கு முடிச்சா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அத்தாவிடம் சொன்னால் இதற்கே ஒரு நாள் முழுக்கச் சிரிப்பார் என்றான். பிறகு கயிற்றை எடுத்து அவனே கட்டப்போனான். என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையில் வைத்தான்.

வரப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். எட்டுப் போன்ற முடிச்சு. முதல் முறை கயிறு விரலிடையில் நழுவியது. இரண்டாவது முறையும் நழுவியது. கையை மடியில் வைத்து ஓய்வு கொடுத்தேன். இந்த முறை நானாகவே நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை. மறுபடி எடுத்தபோது கட்டைவிரலின் சதை சுட்டுவிரலின் சதையைத் தொட்டது. நடுவில் கயிறு இருந்தது. நழுவவில்லை. மெல்ல இழுத்தேன். எட்டு இறுகியது.

அந்தப் பிடி எந்த நாளில் வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் வந்ததல்ல. நான் பார்க்காத ஏதோ ஒரு வாரத்தில் வந்து, சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அன்று மாலை வெயில் சாயும்வரை கப்பலை ஓட்டினேன். முடிச்சு அவிழவில்லை.

முன்பெல்லாம் என் உடம்பு எனக்கு ஒரு வண்டி. ஏறி உட்கார்ந்தால் போகும். இப்போது காற்றைப் பார்ப்பது போல அதைப் பார்க்கிறேன். இன்று எவ்வளவு தருகிறது என்று கேட்டுவிட்டு, அதற்கேற்பப் பாயைத் தளர்த்துகிறேன். வலது சுட்டுவிரலின் நுனியில் இன்னும் கொஞ்சம் மதமதப்பு இருக்கிறது. இருக்கட்டும். ஓட்டுவதற்கு அது தடையில்லை.

கட்டைவிரல் நகத்தில் அந்தப் பள்ளம் நுனிக்கு வந்துவிட்டது. உம்மா நேற்று நகவெட்டியோடு வந்து உட்கார்ந்தார், இத்தனை மாதமாக வருவது போல. நான் வாங்கிக்கொண்டேன். நகவெட்டியை அழுத்துவதும் கிள்ளுப்பிடிதான். இடது கை நகங்களை வலது கையால் வெட்டினேன். கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

ஏனென்றால் அடுத்தது காயல். மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்குப் பக்கத்தில், கடலின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே, நீர் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் இழுக்காமல் நிற்கும். அந்த நேரத்துக்குள் கப்பலைத் துறையிலிருந்து விட்டு, நங்கூரமிட்ட முதல் படகைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். நீர் நிற்கும் வேளையைச் சேவியர் சேட்டன் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். வள்ளத்தோடு அவரும் வருகிறார். உம்மா கரையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார், அண்டா கொண்டுவர மாட்டாராம்.

கப்பல் சுற்றித் திரும்பிவிட்டால், துறைப் படியில் உட்கார்ந்து அந்த நகத்தை வெட்டுவேன். திரும்பாவிட்டால், நகத்தை வெட்டிவிட்டு இன்னொரு கப்பல் கட்டுவேன்.